படம் வரையுற புள்ளைய ஆர்க்கிடெக்சர்ல தள்ளாதீங்க

போன வாரம் மேல என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட கேக்க வந்தாங்க ஒரு அம்மா, அப்பா, கூட ஸ்கூல் முடிக்கப் போற பொண்ணு. உக்காந்த உடனே அம்மாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு. பொண்ணு "எனக்குள்ள இருக்கிறத கொட்டத்தான் வரையுறேன், விக்கிறதுக்கு இல்ல"ன்னு சொல்றா, மாமா சித்தப்பா எல்லாம் கூடி பேசி "வரையத் தெரியும்ல, ஆர்க்கிடெக்சர்ல போட்டுடு, மரியாதையும் ஆச்சு படமும் ஆச்சு"ன்னு முடிவே பண்ணிட்டாங்க.

மொதல்ல நானும் பதறாதீங்கன்னு தான் சொன்னேன். அப்புறம் சொல்லல. ஏன்னா அந்த முடிவுல புள்ளையே இல்ல. "கடைசியா எந்தக் கட்டடத்த நின்னு பாத்தே?"ன்னு கேட்டேன், முழிச்சா. அவ்ளோதான். கட்டடத்து மேல கிறுக்கு இருக்கிறவங்களுக்கு அது அருமையான படிப்பு, இவளுக்கு அது அஞ்சு வருஷ ஃபீஸ். அந்தக் கடன சித்தப்பா கட்டப் போறதில்ல.

அனிமேஷன், டிசைன் பத்தியெல்லாம் அவங்களே தேடிப் படிச்சிருந்தாங்க, அதுக்குள்ள நான் போகல. கொண்டு வந்திருந்த கேன்வாஸ் ஒவ்வொண்ணையும் திருப்பி பின்பக்கத்த பாத்தேன் (எனக்கு அது ஒரு பழக்கம்). பென்சில்ல குட்டி குட்டியா எழுத்து: எந்த நீலம், அது மேல எந்த வெள்ளை, என்ன தேதி, "ஆறு மாசத்துல பெயிண்ட் வெடிச்சிருச்சு, கீழ் பூச்சுல எண்ணெய் ஜாஸ்தி". யாரும் சொல்லித் தரல, அவளா கண்டுபிடிச்சது.

அப்போதான் ஓவிய கன்சர்வேஷன் பத்தி சொன்னேன், வீட்டுல ஒருத்தரும் கேள்விப்பட்டதே இல்ல. பழைய ஓவியங்கள காப்பாத்துற வேலை. மஞ்சளான வார்னிஷ பஞ்சு சுத்துன குச்சியால கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும், சில அழுக்குக்கு எச்சில் தொட்டுத் துடைக்கிறது கூட உண்டு, சிரிக்காதீங்க, அதுல இருக்கிற என்சைம் நெஜமாவே வேலை செய்யும். எக்ஸ்ரே எடுத்தா ஈய வெள்ளை (ஈயத்துல செஞ்ச பழைய கால வெள்ளைப் பெயிண்ட்) பளிச்னு தெரியும், ஓவியர் மொதல்ல வரைஞ்சு மறைச்சது கூட சில நேரம் மாட்டும். 1914ல வரைஞ்சதுன்னு வித்த ஒரு படத்துல டைட்டானியம் வெள்ளைங்கிற பெயிண்ட் இருந்ததாலதான் பெல்ட்ராக்கிங்கிற ஜெர்மன் போலி ஓவியர் சிக்குனாரு, அந்த வருஷத்துல ஓவியர்கள் கையில அந்த வெள்ளையே கிடையாது. உதிர்ந்த இடத்த நிரப்பும்போது பின்னாடி எடுத்துடக்கூடிய பெயிண்ட் தான் போடணும். ரோம்ல 1939ல உருவாக்குன ரெஸ்டோரேஷன் இன்ஸ்டிட்யூட்ல இருந்து வந்த முறைப்படி மெல்லிசு மெல்லிசா நெட்டுக் கோடா நிரப்புவாங்க, தள்ளி நின்னா படம் முழுசா தெரியும், கிட்ட போனா இது ஒட்டுப்போட்டதுன்னு புரியும்.

அவ மொகம் சுருங்கிடுச்சு. "அப்போ அதுல நான் எங்க?"ன்னா. நல்ல கேள்வி, நான் பூசி மெழுகல. அந்த வேலையில நீ இருக்கவே கூடாது, உன் கை தெரிஞ்சா தப்புன்னு சொன்னேன். ஆனா வான் கோங்கிற டச்சு ஓவியர் 1888ல வரைஞ்ச படுக்கையறை படத்துல சுவர் ஊதான்னு அவரே லெட்டர்ல எழுதியிருக்காரு, இன்னைக்கு பாத்தா நீலம், சிவப்பு சாயம் வெளுத்துப் போச்சு. மனசக் கொட்டுன மனுஷனோட மனசே பாதி வெளுத்துப் போனா, அத படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்ல? உன் படங்கள ராத்திரி உனக்காக வரை, அத வித்து வாடகை கட்டணும்ங்கிற கட்டாயம் இருக்காது.

இதுலயும் கஷ்டம் இருக்கு, அதையும் சொல்லிட்டேன். சீட் கம்மி, வேலையும் கம்மி, நெறைய வேலை கான்ட்ராக்ட் தான், கெமிஸ்ட்ரி தெரியலன்னா பல எடத்துல கதவே தெறக்காது. அதனால மொத டிகிரிக்கு கடனே வேணாம், பக்கத்துல கம்மி ஃபீஸ்ல கெமிஸ்ட்ரியோ ஃபைன் ஆர்ட்ஸோ படிக்கட்டும், லீவுல ஒரு மியூசியம் லேப்ல தூசி தட்டவாச்சும் விடுவாங்களான்னு அவளே போய் கேக்கட்டும். மூணு மாசத்துல அலுத்துப்போச்சுன்னா விட்டுடட்டும், நஷ்டம் ஒண்ணுமில்ல. பிடிச்சா மட்டும் மேல்படிப்புக்கு செலவு பண்ணுங்க, அதுவும் ஸ்காலர்ஷிப் தேடிப் பாத்த பிறகு.

கெளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கி, மாமாவுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டாங்க. ஃபீஸ் அவர் கட்றதா இருந்தா என்கிட்ட பேசச் சொல்லுங்கன்னேன்.