05/04/26 என்பது ஏப்ரலா, மேயா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைனில் வெளிநாட்டு முகக் கிரீம் ஒன்று வாங்கினேன். பெட்டியின் மேல் மடிப்பில் 06/04/23 என்றும் அதற்குக் கீழே 05/04/26 என்றும் இருக்கிறது, வேறு எழுத்தே இல்லை. விற்றவரைக் கேட்டால் "மே 4 வரை தாராளமாகப் போடலாம்" என்கிறார். எனக்கு ஏப்ரல் 5 என்றுதான் தோன்றுகிறது. எது சரி?

பதில்: நீங்கள் நினைப்பதுதான் சரியாக இருக்கும். அதற்கான தடயம் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது.

உலகத்தில் தேதி எழுதும் வரிசை பெரும்பாலும் மூன்றுதான். ஐரோப்பாவின் பெரும்பகுதி, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா எல்லாம் நாள்-மாதம்-ஆண்டு. அமெரிக்கா மாதம்-நாள்-ஆண்டு, பேசும்போதும் அவர்கள் மாதத்தைத்தான் முதலில் சொல்வார்கள். சீனா, ஜப்பான், கொரியா, ஹங்கேரி போன்றவை ஆண்டு-மாதம்-நாள். கனடாவில் மூன்றுமே புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது உங்கள் பெட்டியின் இரண்டு வரிகளையும் மூன்று விதமாகப் படித்துப் பாருங்கள். ஆண்டு முதலில் என்று வைத்தால் மேலே 2006 ஏப்ரல் 23, கீழே 2005 ஏப்ரல் 26. இருபது வருடத்துப் பழைய சரக்காக இருந்தால்கூட, தயாரித்த பிறகுதானே காலாவதி வர வேண்டும், இங்கே முன்னாலேயே வந்துவிடுகிறது, அதனால் தள்ளிவிடலாம். மாதம் முதலில் என்றால் 2023 ஜூன் 4 முதல் 2026 மே 4 வரை, அதாவது மூன்று வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு, இப்படி யாரும் கணக்குப் போட மாட்டார்கள். நாள் முதலில் என்றால்? 2023 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரை. ஒரு நாள்கூடப் பிசகாமல் முழுதாக மூன்று வருடம். தயாரித்த அன்றிலிருந்து மூன்று வருட ஆயுள் என்று கணக்கிட்டால் கடைசி நாள் இப்படித்தான் விழும்.

அதனால் ஒரு பொருளில் இரண்டு தேதி இருந்தால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஏதாவது ஒன்றில் 12-க்கு மேல் ஓர் எண் வந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம், அது மாதமாக இருக்க முடியாது. இரண்டு எண்ணும் 12-க்குள் இருந்தால்தான் சிக்கல். நாளும் மாதமும் ஒரே எண்ணாக வருகிறவற்றைக் கழித்தால் வருடத்துக்கு 132 தேதிகள் இப்படி இரண்டு விதமாகப் படிக்கும்படி இருக்கின்றன. எந்தத் தடயமும் கிடைக்காவிட்டால் இரண்டில் முன்னால் வருவதையே காலாவதியாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் பின்னால் வருவதைத்தான் சொல்வார், அவருக்குச் சரக்கு நகர வேண்டும்.

அப்புறம், ஒரே ஒரு தேதி மட்டும் இருக்கும் அழகுசாதனப் பொருளில் அது காலாவதித் தேதிதான் என்று நம்பிவிடாதீர்கள், தயாரித்த தேதியாகவும் இருக்கலாம். கொரியப் பொருட்களில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள கொரியச் சொல்தான் எது எது என்று காட்டும், போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். திறந்த டப்பா போன்ற படத்துக்குள் 12எம் என்று இருந்தால் திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று அர்த்தம். அதனால் திறந்த தேதியை டப்பாவின் அடியில் பேனாவால் எழுதி வைப்பது நல்லது.

கேள்வி: கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட்டில் "26 எம்ஏ 11" என்று இருக்கிறது. மார்ச்சா, மேயா?

பதில்: மே. 2026 மே 11. அங்கே உணவுப் பொருளில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் பொதுவாக இரண்டெழுத்து மாதக் குறியீடு போடுவார்கள். மார்ச்சுக்கு எம்ஆர், மேக்கு எம்ஏ. ஜூனுக்கு ஜேஎன், ஜூலைக்கு ஜேஎல். ஏப்ரல் மட்டும் ஏஎல் என்று வரும், பிரெஞ்சில் ஏப்ரலுக்கு 'அவ்ரில்' என்பதால் இரண்டு மொழிக்கும் பொதுவாக அந்த இரண்டு எழுத்து. வரிசை ஆண்டு-மாதம்-நாள். மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் போட்டாலே பாதிக் குழப்பம் ஒழிந்துவிடும், எல்லா நாடும் இதைச் செய்யலாம்.

கேள்வி: தாய்லாந்துத் தயாரிப்பு ஒன்றில் 05/04/69 என்று இருக்கிறது. இன்னொரு ஜப்பான் பாக்கெட்டில் 26.04.05. முதலாவது அச்சுப் பிழை, இரண்டாவது 2005-ஆம் வருடத்துச் சரக்கு என்று தூக்கிப்போடப் போனேன்.

பதில்: நல்லவேளை, போடவில்லை. இரண்டுமே 2026 ஏப்ரல் 5 தான்! தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு, நம் எண்ணுடன் 543 கூட்ட வேண்டும், 2026 அங்கே 2569. அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் நீங்கள் பார்த்த 69. ஜப்பான் பாக்கெட்டில் ஆண்டு முதலில் வருகிறது, அவ்வளவுதான். அங்கே பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ஆண்டுக் கணக்கும் உண்டு, 2019 மே 1-இல் தொடங்கிய ரெய்வா என்ற ஆட்சிக்காலத்தில் 2026 என்பது 8-ஆம் ஆண்டு. தைவானில் 1912-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணுகிற கணக்கு ஒன்று இருக்கிறது, அதில் இது 115. ஆக, ஆண்டு விசித்திரமாகத் தெரிந்தால் பிழை என்று முடிவு கட்டாமல் எந்த நாட்டுப் பொருள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்தில் வாரண்டி பதிவு செய்யப் போகிறேன். வாங்கிய தேதியை எப்படி எழுதுவது?

பதில்: இதில் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒரு வருட வாரண்டியோடு செப்டம்பர் 3-இல் ஒரு மிஷின் வாங்கி, படிவத்தில் 03/09 என்று நிரப்பினேன், அவர்கள் பதிவில் அது மார்ச் 9 ஆகிவிட்டது. அடுத்த ஏப்ரலில் மிஷின் நின்றுபோய்க் கேட்டபோது, வாரண்டி போன மாதமே முடிந்துவிட்டது என்று பதில். பில்லை அனுப்பினேன், பில்லிலும் அதே 03/09! கடைசியில் வங்கிக் கணக்கு அறிக்கையில் மாதம் எழுத்தில் இருந்ததால் தப்பித்தேன், அதற்குள் எத்தனை மெயில் போனது என்று கணக்கே இல்லை.

ஆகவே காலண்டர் பட்டன் இருந்தால் தட்டச்சு செய்யாமல் அதிலேயே தேர்ந்தெடுங்கள். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு எம்எம் (மாதம்) என்று தொடங்குகிறதா, டிடி (நாள்) என்று தொடங்குகிறதா என்று பாருங்கள், தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். இஷ்டம்போல் எழுதும் இடமாக இருந்தால் 2026-04-05 என்று எழுதுங்கள், 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரத்தின் வடிவம் அது, ஆண்டு நாலு இலக்கமாக முன்னால் நிற்பதால் புரட்டிப் படிக்க இடமே இல்லை. மெயிலில் எழுதுவதென்றால் மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். உறுதிப்படுத்தும் மெயில் வந்ததும் அதில் என்ன மாதம் இருக்கிறது என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும், நான் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

கேள்வி: புது டயர் வாங்கும்போது தயாரித்த தேதி பார்க்கச் சொல்கிறார்கள். எங்குமே தேதி இல்லையே?

பதில்: இருக்கிறது, நாள் மாதம் இல்லாமல் வாரக் கணக்கில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2624 என்றால் 2024-ஆம் ஆண்டின் 26-ஆவது வாரம், ஏறக்குறைய ஜூன் கடைசி. ஒரு பக்கத்தில் அந்த நாலு எண் இல்லாமல் குறியீடு பாதியில் நின்றிருந்தால் விட்டுவிடாதீர்கள், முழுக் குறியீடு சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மாட்டுவதற்கு முன்பே திருப்பிப் பார்த்துவிடுங்கள், மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும்.