‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம்தானே, ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’பில் வேகம் எங்கே?

அங்கே வேகமே இல்லை. ‘ஃபாஸ்ட்’டின் பழைய பொருள் ‘உறுதியான, இறுகிய’ என்பதுதான். வேகம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் அசைக்க முடியாத உறக்கம். ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’ என்றால் விடாமல் பிடி. விமானத்தில் சீட் பெல்ட்டை ‘ஃபாஸன்’ செய்யச் சொல்வதும் இதே வேர்தான். உண்ணாநோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’டும் கட்டுப்பாட்டில் உறுதியாக நிற்பதிலிருந்து வந்தது, அதை முறிப்பதுதான் ‘பிரேக்ஃபாஸ்ட்’.

துணியில் ‘கலர்ஃபாஸ்ட்’ என்று போட்டிருந்தால் சாயம் போகாது என்று பொருள். சந்தேகமா? உள்மடிப்பில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாகத் துவையுங்கள்.

கடிகாரம் ‘ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்’ என்றால் சரியான நேரத்தைவிட ஐந்து நிமிடம் முன்னால் காட்டுகிறது. கேமராக்காரர்கள் சொல்லும் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ ஓடாது, எஃப் 1.8 (லென்ஸ் திறப்பின் அளவு) போல அகலத் திறந்து நிறைய ஒளியை விடும், அதனால் ஷட்டரை வேகமாக வைக்கலாம்.

நம்மவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். தமிழில் ‘சீக்கிரம்’ என்பது வேகத்தையும் குறிக்கும், நேரத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘நாளைக்குச் சீக்கிரம் வா’ என்பதற்கு ‘கம் ஃபாஸ்ட் டுமாரோ’ என்றால் ஓடி வரச் சொன்னதுபோல் இருக்கும். ‘கம் எர்லி’ என்பதே சரி. ‘சீக்கிரம் பார்ப்போம்’ என்பதற்கு ‘சூன்’.

இன்னொன்று: ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதாதீர்கள். ‘ரன் ஃபாஸ்ட்’ போதும். ‘லி’ வைத்தே ஆகவேண்டுமென்றால் ‘குவிக்லி’ இருக்கிறது.