அம்மாவின் எழுத்து, முருங்கை இலை, நீல அச்சு

வாசகர் கேள்வி: வெயில் அச்சுக்கலை

மறைந்த அம்மாவின் கடிதத்தை, அவர் வளர்த்த முருங்கையின் இலைகளோடு சேர்த்து நீல அச்சாக எடுக்க விரும்புகிறேன். எப்படிச் செய்வது? (வாசகி, காரைக்குடி)

நீல அச்சு (சயனோடைப்) என்பது ரசாயனம் பூசிய தாளில் வெயில் பட்ட இடம் நீலமாகவும், மறைந்த இடம் வெள்ளையாகவும் விழும் முறை. அசல் கடிதத்தை வெயிலில் வைத்துவிடாதீர்கள். பழைய மை வெளிறிப்போகும். மொபைல் ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்து, கான்ட்ராஸ்டைக் கூட்டி, ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) லேசர் பிரிண்ட் போடுங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மை படிந்த பக்கம் தாளை ஒட்டிக் கிடந்தால்தான் எழுத்து கூர்மையாக விழும். மாற்றாமல் கவிழ்த்தால் அம்மாவின் எழுத்து இடவலம் மாறிவிடும்.

தாளில் பூச இரண்டு கரைசல் வேண்டும். 100 மில்லி நீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தனித்தனிப் பழுப்புப் புட்டிகளில் வையுங்கள். மங்கிய விளக்கில் 5 மில்லிக்கு 5 மில்லி கலந்தால் நாலைந்து ஏ4 தாளுக்குப் போதும். உலோகப் பட்டை இல்லாத பிரஷ்ஷால் தடித்த (300 ஜிஎஸ்எம்) வாட்டர்கலர் தாளில் மெல்லியதாகப் பூசி இருட்டில் காயவையுங்கள். கையுறை அவசியம். ஃபெரிசயனைடை வலுவான அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது, நச்சு வாயு வரும்.

தாளின் மேல் ஷீட், அதன் மேல் இலை, அதன் மேல் கண்ணாடி. சுற்றிலும் கிளிப். இலையும் எழுத்தும் வெயிலை மறைப்பதால் இரண்டுமே வெள்ளையாக விழும். அதனால் இலை கிடக்கும் இடத்தில் எழுத்து கரைந்துபோகும். கொத்தை ஓரத்தில் வைத்து, ஒன்றிரண்டு இலைகளை மட்டும் வரிகளுக்குள் விடுங்கள். எந்தச் சொல்லை இலை மூட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இந்த அச்சில் மனம் வெளிப்படுவது அங்கேதான். இலையைப் பறித்த உடனே வைத்தால் ஈரம் கசிந்து திட்டுத்திட்டாகும். செய்தித்தாளுக்குள் இரண்டு நாள் அழுத்தி வைத்தபின் எடுங்கள்.

உச்சி வெயிலில் ஐந்து முதல் பத்து நிமிடம். கடிகாரத்தைவிட நிறத்தை நம்புங்கள்: திறந்த பகுதி மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு சாம்பல் வெண்கலமாக மாறும்போது எடுத்துவிடலாம். மஞ்சள் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள்.

1843-ல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்சிட்டபோது, பெயர்களையும் முன்னுரையையும் தன் கையெழுத்திலேயே நீல அச்சாக்கினார். செடியும் கையெழுத்தும் அன்றே கூட்டாளிகள்.

அலசும்போதே நீலம் வெளிறுகிறது. ஷீட்டில் பேனாவால் எழுதிய எழுத்துகளின் புள்ளிகளும் காணாமல் போகின்றன. (வாசகர், திருப்பூர்)

போர்வெல் நீராக இருக்கும். அதன் காரத்தன்மை இந்த நீலத்தை அரிக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு முதல் அலசலைச் செய்யுங்கள். தண்ணீர் நல்லதாக இருந்தும் நீலமெல்லாம் வழிந்து போனால் வெயில் பற்றவில்லை என்று பொருள்.

புள்ளி மறைய மெல்லிய பேனாதான் காரணம். ஷீட்டுக்கும் தாளுக்கும் இடையே நுழையும் ஒளி சிறு புள்ளியைத் தின்றுவிடும். 'கண்' என்று எழுதியது 'கண' ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் பெர்மனென்ட் மார்க்கரில், புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக வையுங்கள்.

கோபத்தை எழுத வேண்டும், யாரும் படிக்கக் கூடாது. (கல்லூரி மாணவி, மதுரை)

ஷீட் முழுக்க எழுதுங்கள். பாதி நேரம் வெயில் காட்டி, நிழலுக்குக் கொண்டுவந்து, ஷீட்டைக் கால்வட்டம் திருப்பி மீதி நேரம் காட்டுங்கள். ஒருமுறை மறைந்த கோடு இளநீலமாகும், இருமுறையும் மறைந்த இடம் வெள்ளையாகும். கையின் வேகம் தெரியும், சொல் தெரியாது.

ரசாயனம் இல்லாமல் முடியுமா? (ஆசிரியை, நாகர்கோவில்)

மஞ்சள்தூளைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கரைத்து, வடிகட்டிப் பூசுங்கள்; அடுப்பு அருகே வேண்டாம். சில மணி நேர வெயிலில் திறந்த பகுதி வெளிறும். பிறகு சமையல் சோடா கரைசலைத் தெளித்தால் மறைந்திருந்த பகுதி செம்பழுப்பாகும். இங்கே கணக்கு தலைகீழ்: எழுதியது அடர்ந்து நிற்கும், சுற்றிலும் வெளுக்கும். ஆனால் இதை நிலைப்படுத்த வழியில்லை. சுவரில் மாட்டினால் எழுத்தும் மெல்ல மெல்லப் போய்விடும். பிரிவைப் பற்றி எழுத விரும்பும் மாணவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். வைத்திருக்க விரும்புகிறவர்கள் ஆல்பத்துக்குள் இருட்டில் வைக்கட்டும்.