பேட்ச் பேனல் வயரிங்: பின் 1-ஐ யாரும் மதிக்க மாட்டேங்கிறீங்க

ரேக் பேட்ச் பேனல் (ஆடியோ பெட்டிகளோட ஒயரெல்லாம் ஒரே இடத்துல வந்து சேர்ற சாக்கெட் தகடு) பத்தி கேள்வி நிறைய சேர்ந்து போச்சு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணாக்கி பதில் போட்டிருக்கேன். பாதிக்கு மேல ஹம், அதாவது உம்முனு வர்ற இரைச்சல் பிரச்சனைதான்.

எக்ஸ்எல்ஆர்ல (மூணு பின் மைக் கனெக்டர்) பின் 2 ஹாட்டா, பின் 3 ஹாட்டா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார்.

பின் 1 ஷீல்டு (ஒயரைச் சுத்தி இருக்குற உலோக உறை), பின் 2 ஹாட் (நேர் சிக்னல் லைன்), பின் 3 கோல்டு (அதுக்கு எதிர் லைன்). டிஆர்எஸ்ல (நுனி டிப், நடு வளையம் ரிங், அடி உறை ஸ்லீவ்னு மூணு பாகம் இருக்குற ஜாக் பிளக்) டிப் ஹாட், ரிங் கோல்டு, ஸ்லீவ் ஷீல்டு. ஏஇஎஸ் (ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி) போட்ட ஏஇஎஸ்14-னு ஸ்டாண்டர்டே இருக்கு, 1992-லயே முடிஞ்சு போன விவகாரம் இது. அதுக்கு முன்னாடி வந்த சில பழைய சாமான்ல பின் 3 ஹாட்டா இருக்கும், அந்த மாதிரி எதாவது ரேக்ல இருந்தா மேனுவலை பாத்துக்கோங்க, அவ்ளோதான்.

உண்மையில தப்பு நடக்குற இடம் வேற. கனெக்டரை முன்னாடி பாத்து மனசுல வச்சுக்கிட்டு பின்பக்கம் சோல்டர் பண்ணுவாங்க, பின்பக்கம் இடவலம் மாறி இருக்கும், 1-ம் 2-ம் இடம் மாறிப் போயிடும். ஒயரை சோல்டர் பண்ற ஒவ்வொரு கப் பக்கத்துலயும் நம்பர் பொடிசா அச்சு போட்டிருப்பான், டார்ச் அடிச்சு அதைப் படிங்க. இன்னொண்ணு, ஒரே ஒயரோட ரெண்டு முனையிலயும் 2-ஐயும் 3-ஐயும் மாத்தி வச்சா ஒண்ணுக்கொண்ணு சரியாகி ஒழுங்காவே பாடும், ஆறு மாசம் கழிச்சு யாராவது ஒரு முனையை மட்டும் வெட்டி சரியான முறையில போட்டாங்கன்னா அன்னிக்கு போலாரிட்டி தலைகீழாகி, ரெண்டு மைக் சேரும்போது பேஸ் காணாம போயிடும்.

ஷீல்டை ரெண்டு பக்கமும் கட்டணுமா, ஒரு பக்கம் விட்டுடணுமா? எங்க ரேக்ல எல்லாமே ஒரு பக்கம் வெட்டி விட்டிருக்கு, ஆனாலும் ஹம் வருது.

ரெண்டு பக்கமும் கட்டுங்க. முதல்ல அதுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

மேக்னடிக் ஃபீல்டுல இருந்து வர்ற ஹம்மை அடக்குறது ஒயரோட முறுக்கும், 2, 3 ரெண்டு லைனோட இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) சமமா இருக்குறதும்தான். சமமா இருந்தா ரெண்டுலயும் ஒரே அளவு குப்பை ஏறும், இன்புட் அதைக் கழிச்சுடும். ஷீல்டோட வேலை ரேடியோ, போன் சிக்னல் மாதிரி சமாச்சாரத்தை வெளியவே நிறுத்துறது, ஒரு பக்கம் வெட்டிட்டா அந்த வேலை அரைகுறையாயிடும். அப்போ ஹம் எங்கிருந்து வருது? ஷீல்டுல ஓடுற கரண்ட் பெட்டிக்குள்ள நுழைஞ்சதும் எங்க போகுதுங்குறதுலதான் விஷயம் இருக்கு. பின் 1 நேரா பெட்டியோட உலோகக் கூடான சேசிஸ் தகட்டுல உக்காந்தா கரண்ட் வெளியவே போயிடும். சில பெட்டியில பின் 1-ஐ சர்க்யூட் போர்டோட ஆடியோ கிரவுண்டுல கொண்டு போய் சேர்த்திருப்பாங்க, அப்போ ஷீல்டு கரண்ட் முழுக்க சிக்னலுக்குள்ள கலக்கும். ஆடியோ இன்ஜினியர் நீல் மன்சி 1995-ல இதைத்தான் 'பின் 1 பிராப்ளம்'னு எழுதி வச்சார், அப்புறம் வந்த ஏஇஎஸ்48 ஸ்டாண்டர்டும் பின் 1-ஐ சேசிஸ்லதான் கட்டணும்னு சொல்லுது.

அதனால, எல்லாம் கட்டின பிறகும் குறிப்பிட்ட ஒரு பெட்டி மட்டும் உம்முனு கத்துச்சுன்னா, அந்த லைன்ல மட்டும் ரிசீவ் பண்ற முனையில ஷீல்டை எடுங்க, அனுப்புற முனையில இருக்கட்டும். எடுத்ததை லேபிள்ல எழுதி வைங்க. மைக் லைன்ல இதை செய்யவே கூடாது, மைக்குக்கு அதே ஒயர்ல போற 48 வோல்ட் ஃபேண்டம் பவர் திரும்பி வர்ற வழியே ஷீல்டுதான். கரண்ட் பிளக்கோட எர்த் பின்னை ஒடிக்கிற ஐடியா மட்டும் யாருக்கும் வேண்டாம், உயிர் போற வேலை அது.

பேனல்ல டி-டைப் எக்ஸ்எல்ஆர் போட்டா ஷெல்லுக்கு தனியா ஒரு லக் (ஒயர் மாட்டுற நாக்கு) இருக்கும், அதை தகட்டோட சேருங்க, பின் 1-ஐ அங்க சேர்க்காதீங்க, சேசிஸ்ல கட்டணும்னு மேல சொன்னது பெட்டிக்கு, பேனலுக்கு இல்ல. நான் அப்படித்தான் செய்றது.

ஹாஃப் நார்மல்னா என்ன அண்ணே? மைக் லைனையும் அதுலயே கொண்டு வரலாமா?

டிஆர்எஸ் சாக்கெட் வச்ச பேனல்ல (பேட்ச் பே) மேல் வரிசை அவுட்புட், கீழ் வரிசை இன்புட். ஒண்ணும் சொருகலைன்னா மேல இருந்து கீழ தானா போகும். மேல சொருகினா லைன் அறுபடாது, ஒரு காப்பி கிடைக்கும், கீழ சொருகினாதான் பழைய லைன் அறுந்து புதுசு உள்ள வரும். ஃபுல் நார்மல்ல எங்க சொருகினாலும் அறுபடும். லைன் லெவலுக்கு (மைக்கை விட பலமான சிக்னல்) ஹாஃப் நார்மல் போதும், ஏன்னா 100 ஓம் பக்கத்துல இருக்குற ஒரு அவுட்புட், 10 கிலோ ஓம் இன்புட் ரெண்டை சுலபமா இழுக்கும். ஆனா ரெண்டு அவுட்புட்டை ஒரே இன்புட்ல சேர்க்க முடியாது, அதுக்கு மிக்சர் வேணும்.

மைக் லைன் மட்டும் டிஆர்எஸ் பேட்ச் பேல வேண்டாம்ப்பா. பிளக் உள்ள போகும்போது டிப்பு ரிங், ஸ்லீவ் காண்டாக்டை எல்லாம் உரசிட்டுத்தான் போகும், 48 வோல்ட் ஆன்ல இருந்தா அந்த நொடியில ஒரு லைன் மட்டும் ஷார்ட் ஆகும், ஸ்பீக்கர்ல டம்முனு சத்தம், ரிப்பன் மைக்கா இருந்தா ரிப்பனே போயிடலாம். மைக்குக்கு எக்ஸ்எல்ஆர் பேனல் தனியா வைங்க.

ரெடிமேட் டிபி25 (25 பின் கனெக்டர்) லூம், அதாவது எட்டு சேனல் ஒயர் கட்டு வாங்கினேன், சேனல் எல்லாம் மாறி வருது.

டாஸ்கம் வயரிங், யமஹா வயரிங்னு ரெண்டு இருக்கு, கனெக்டர் பாக்க ஒண்ணுதான். டாஸ்கம்ல சேனல் 1 ஹாட் 24, கோல்டு 12, ஷீல்டு 25, சேனல் 8 ஹாட் 1, கோல்டு 14, ஷீல்டு 2. பின் 13 காலி. மீட்டர் வச்சுப் பாருங்க, பொருந்தலைன்னா லூமை மாத்திட்டு வாங்க.

கீபோர்டு அவுட்புட் அன்பேலன்ஸ்டு (ஹாட்டும் ஷீல்டும் மட்டும், கோல்டு கிடையாது). பேனலுக்கு எப்படி கொண்டு வர்றது?

ரெண்டு கோர் ஷீல்டு ஒயரே போடுங்க. கீபோர்டு முனையில ஹாட் டிப்புக்கு, கோல்டும் ஷீல்டும் சேர்ந்து ஸ்லீவுக்கு. பேனல் முனையில வழக்கம்போல 2, 3, 1. பேலன்ஸ்டு லைனோட பாதி நன்மை இதுலயே கிடைச்சுடும். தூரம் அதிகம்னா டிஐ பாக்ஸ் (அன்பேலன்ஸ்டை பேலன்ஸ்டா மாத்துற பெட்டி).

சோல்டர் பண்ணும்போது இன்சுலேஷன் உருகி பின்னால ஓடுது.

சூடு கம்மியா வச்சு ரொம்ப நேரம் பிடிக்கிறீங்க. 63/37 சோல்டர் ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்) 183 டிகிரியிலயே உருகும், அயர்னை 350 பக்கம் வச்சு, கப்புலயும் ஒயர்லயும் முன்னாடியே ஈயம் பூசிட்டு, ரெண்டு நொடியில தொட்டு எடுங்க. கனெக்டரோட பின் உறையையும் (பூட்) ஹீட் ஷ்ரிங்கையும் முதல்லயே ஒயர்ல மாட்டியாச்சான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. ஃபாயில் ஒயரா இருந்தா டிரெய்ன் ஒயருக்கும் (ஃபாயிலை ஒட்டி ஓடுற வெறும் கம்பி) இன்சுலேஷன் ஸ்லீவ் போடுங்க, அம்மணமா விட்டா பக்கத்து கப்பை தொடும்.

எல்லாம் முடிச்சாச்சு, சத்தம் வருது. டெஸ்ட் பண்ணணுமா?

கண்டிப்பா. கோல்டு லைன் ஒண்ணு அறுந்திருந்தாலும் சத்தம் வரும், லெவல் குறைஞ்சு ஹம் ஏறியிருக்கும், அவ்ளோதான் வித்தியாசம். ரெண்டு முனையும் கழட்டி வச்சுட்டு (பெட்டியோட சேர்த்து அளந்தா உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருந்தா 2-ம் 3-ம் ஷார்ட் மாதிரி காட்டும்) மீட்டரை பீப் மோடுல வச்சு 1-1, 2-2, 3-3 பீப் அடிக்குதான்னு பாருங்க, அப்புறம் 1-2, 2-3, 1-3 பீப் அடிக்கவே கூடாது. அளக்கும்போதே கனெக்டர் கிட்ட ஒயரை ஆட்டிப் பாருங்க. ஹாஃப் நார்மல் பேனலா இருந்தா பேட்ச் கார்டு சொருகாம ஒரு தடவை, கீழ் வரிசையில சொருகி ஒரு தடவை.