உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: மிலன் பயணக் கேள்விகள்

போன இதழில் இத்தாலியின் மிலன் நகரத்துக் கடைவீதியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவள், சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழெட்டுத் தடவை அந்த ஊருக்குப் போனவள் என்று அதில் ஒரு வரி வந்துவிட்டது. அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஜெர்மனியில் இருக்கும் மகன் செப்டம்பரில் எங்களை மூன்று நாள் மிலனுக்கு அழைத்துப் போகிறான். பெரிய பெரிய பிராண்டு கடைகள் உள்ள தெருவில் வாங்க நமக்கு வசதியில்லை. சும்மா பார்க்க உள்ளே போனால் விரட்டுவார்களா? சேலையில் போகலாமா?
*(வாசகி, ஈரோடு)*

யாரும் விரட்ட மாட்டார்கள், தைரியமாகப் போங்கள். வாசலில் கருப்புக் கோட்டு போட்டவர் நிற்பார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்களே 'புவோன் ஜோர்னோ' என்று வணக்கம் சொல்லிவிடுங்கள். வாங்காமல் போவதை அந்த ஊரில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. வணக்கம் சொல்லாமல் நுழைவதுதான் மரியாதைக் குறைவு. இன்னொன்று, நம் ஜவுளிக்கடைப் பழக்கத்தில் நாமே மடிப்பைக் கலைத்துப் பிரிக்கக் கூடாது. கேட்டால் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

நான் எப்போதும் கேட்பது உள்பக்கத்தைத்தான். ஒரு தடவை ஆண்கள் கோட்டு ஒன்றைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். கடைப்பெண் காலரைத் தூக்கினாள். அடியில் ஃபெல்ட் துணி வைத்துக் கையால் தைத்திருந்தார்கள். மிஷின் தையல் என்றால் எறும்பு வரிசை மாதிரி ஒரே அளவில் போகும். இது மயிரிழை அளவுக்கு முன்னே பின்னே இருந்தது. நான் அதிலேயே விரலை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவள், 'சார்த்தா?' என்றாள். தையல்காரியா என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அப்புறம் பத்து நிமிஷம் எனக்குத் தனி வகுப்பு: பொத்தான் துளை, கைப்பட்டி, பாக்கெட்டுக்குள் லைனிங் திரும்பும் இடம். விலைச்சீட்டில் மூவாயிரத்துச் சொச்சம் யூரோ போட்டிருந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

மோன்தே நாபோலியோனே, ஸ்பீகா, சாந்த் அந்த்ரேயா, மன்சோனி என்ற நாலு தெருக்களும் அவற்றுக்கு நடுவில் உள்ள சந்துகளும்தான் மொத்த இடமும். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ராத்திரி கடை சாத்திய பிறகு போனால் கண்ணாடிக்குள் விளக்கு எரியும், கூட்டம் இருக்காது. அது இன்னும் நல்ல நேரம்.

சேலையில் தாராளமாகப் போங்கள். கல் பாவிய தெரு, அதனால் செருப்பு மட்டும் தட்டையாக இருக்கட்டும். மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: செப்டம்பர் கடைசியில் அங்கே பெண்கள் ஃபேஷன் வாரம் நடக்கும். ஹோட்டல் வாடகை எகிறிவிடும். மாத ஆரம்பத்திலேயே போய் வந்துவிடுவது நல்லது.

கடை கண்ணி போக, கட்டாயம் பார்க்க வேண்டியது என்ன? பட்டியலாகச் சொல்லுங்கள்.
*(வாசகர், கோவை)*

பட்டியல் போட எனக்கு வராது. துவோமோ என்கிற பெரிய தேவாலயத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

1386-இல் ஆரம்பித்த கட்டடம். முகப்பு முடிந்தது நெப்போலியன் காலத்தில். லேசான ரோஜா நிறம் ஓடும் வெள்ளைப் பளிங்கு முழுவதும் கந்தோலியா என்ற மலையூரிலிருந்து ஏரி, ஆறு, வாய்க்கால் வழியாகப் படகில் வந்தது. கோயில் வேலைக்கு வரும் கல்லுக்குச் சுங்கம் கிடையாது. அதற்கு அடையாளமாக ஏ.யு.எஃப். ('கட்டட வேலைக்கு' என்பதன் லத்தீன் சுருக்கம்) என்று மூன்று எழுத்துப் போட்டு அனுப்புவார்களாம். காசில்லாமல் கிடைப்பதை இத்தாலிக்காரர்கள் இன்றைக்கும் 'ஆ ஊஃபோ' என்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தபாலில் குத்திய முத்திரை எழுத்திலிருந்துதான் நம் 'ஓசி' வந்தது என்று ஒரு கதை சொல்வோமே, அதே கதை! கல் வந்த வாய்க்கால்களில் மிஞ்சியவைதான் இன்றைய நவீலி பகுதி. சாயங்காலம் கரை முழுக்கச் சாப்பாட்டு மேஜைகள். மாதக் கடைசி ஞாயிறன்று பழம்பொருள் சந்தையும் உண்டு.

உள்ளே பார்த்தலோமேயு என்ற புனிதரின் சிலை இருக்கிறது. மார்கோ த'அக்ராத்தே 1562-இல் செய்தது. தோளிலிருந்து ஒரு துணி மடிப்பு மடிப்பாக, அங்கவஸ்திரம் மாதிரி சரிந்து இறங்குகிறது. முதல் தடவை எனக்குத் தொழில் புத்தி, என்ன துணி, இவ்வளவு கனமாக விழுகிறதே என்று கிட்டப் போனேன். துணி இல்லை. உயிரோடு தோலுரித்துக் கொல்லப்பட்டவர் அவர். உரித்த தன் தோலையே போர்த்திக்கொண்டு நிற்கிறார். உடம்பில் ஒவ்வொரு நரம்பும் தெரிகிறது. 'என்னைச் செய்தவன் பிராக்ஸிடலீஸ் அல்ல, மார்கோ த'அக்ராத்தே' என்று கீழே வெட்டியிருக்கிறது. பிராக்ஸிடலீஸ் என்பவர் பழங்காலக் கிரேக்கச் சிற்பி. லேபிள் தைப்பதில் இத்தாலிக்காரர்கள் அப்போதே கெட்டி.

கூரைக்கு லிஃப்டும் உண்டு, படியும் உண்டு. படிக்கு டிக்கெட் விலை குறைவு, ஆனால் கிட்டத்தட்ட 250 படி. முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

லியோனார்டோவின் 'கடைசி இராப்போஜனம்' ஓவியம் துவோமோவில் இல்லை, சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் இருக்கிறது. பார்க்க ஆசையென்றால் விமான டிக்கெட் எடுத்த கையோடு அதற்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே பதினைந்தே நிமிஷம். 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து அந்தக் கூடமே இடிந்தபோது, மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்த ஓவியச் சுவர் மட்டும் நின்றது. திங்கட்கிழமை விடுமுறை.

கலேரியாவில் காளைப் படத்தின் மேல் குதிகாலை வைத்துச் சுற்றினால் மறுபடி மிலன் வருவோமாமே?
*(வாசகி, சேலம்)*

கலேரியா என்பது துவோமோ பக்கத்தில் கண்ணாடிக் கூரை போட்ட பழைய கடை வளாகம். அதன் தரையில் பதித்த அந்தக் காளை டூரின் நகரத்தின் சின்னம். குதிகாலை எங்கே வைக்க வேண்டும் என்பதை அங்கே போய் மற்றவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், பத்திரிகையில் எழுத முடியாது. பாவம், அந்த இடம் குழிந்தே போயிருக்கிறது. நானும் சுற்றினேன். திரும்பவும் போனேன், ஆனால் டிக்கெட் எடுத்தது கம்பெனி.

காளையை விட்டு அண்ணாந்து பாருங்கள். அந்தக் கண்ணாடிக் கூரையைக் கட்டிய மெங்கோனி 1877 டிசம்பர் 30-ஆம் தேதி சாரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தார். வேலை முடிகிற நேரம் அது. அங்கே எந்தக் கடையானாலும் பெயர்ப்பலகை கருப்பில் பொன்னெழுத்துதான். 1913-இல் ப்ராதா முதல் கடை போட்டதும் இங்கேதான். காபி மட்டும் கவுன்டரில் நின்றபடி குடியுங்கள். உட்கார்ந்தால் நாற்காலிக்கும் சேர்த்து பில் வரும்.

கோமோ பட்டு நம் பட்டை விட உசத்தியா?
*(வாசகர், காஞ்சிபுரம்)*

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! இரண்டும் வேறு சாதி, ஐயா. நம்முடையது முறுக்கிய இழை, தறியிலேயே உருவாகும் டிசைன், ஜரிகைக் கனம். அவர்களுடையது மெல்லிய பட்டில் அச்சிடுவது. சாயத்தில், அச்சில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நூல் என்னவோ பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது. மிலனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் கோமோ. பட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், நெசவுக் குடும்பத்துக்காரர் என்றால் விடாதீர்கள்.

ஸ்கார்ஃப் வாங்கினால் ஓரத்தைப் பாருங்கள். கையால் சுருட்டித் தைத்த ஓரம் உருண்டு, புடைத்து இருக்கும். தட்டையாக அமுங்கிக் கிடந்தால் மிஷின் வேலை. துணிக்கடைகளில் 'ஸ்காம்போலி' என்று ஒரு கூடை வைத்திருப்பார்கள். வேறொன்றுமில்லை, நம்ம கட் பீஸ். ரவிக்கைக்கு அதில் அள்ளலாம்.

தள்ளுபடி எப்போது?
*(பலர்)*

வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரி முதல் வாரத்திலும் ஜூலை ஆரம்பத்திலும். பழைய விலையையும் கழிவையும் சீட்டில் போட்டாக வேண்டும் என்பது சட்டம். ஆகஸ்டு பாதியில் போகாதீர்கள். குடும்பம் நடத்தும் சின்னக் கடைகள் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடும். தெருவோரத்தில் விரித்து விற்கும் போலிப் பைகள் பக்கம் போகவே வேண்டாம். விற்றவனுக்கு மட்டுமில்லை, வாங்கியவருக்கும் ஏழாயிரம் யூரோ வரை அபராதம் உண்டு.

அதிகச் செலவில்லாமல், ஆனால் மிலன் என்று சொல்லிக்கொள்ளும்படி என்ன வாங்கி வரலாம்?
*(வாசகி, மதுரை)*

பொத்தான். சிரிக்காதீர்கள்.

அந்த ஊர்ப் பழைய தையல் சாமான் கடைகளுக்கு 'மெர்ச்சேரியா' என்று பெயர். நான் போன கடையில் தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே என்ன பொத்தானோ, அதில் ஒன்றை இழுப்பறையின் முகத்தில் தைத்திருந்தார்கள். எனவே பாஷையே வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். நான் காட்டியது பழுப்பு நிறத்தில் நாலு துளைப் பொத்தான். பெரியவர் ஏணியில் ஏறி எடுத்து என் உள்ளங்கையில் ஐந்தாறைக் கொட்டினார். சில்லென்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மரத்தை அறுத்த மாதிரி மெல்லிய வரிகள், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. எங்கள் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி பல்லில் தட்டினேன். பிளாஸ்டிக் என்றால் மொத்தென்று கேட்கும், இது கல் மாதிரி 'டக்'. பெரியவர் தலையாட்டினார். 'கொரோசோ.'

தென்னமெரிக்கப் பனை வகை ஒன்றின் கொட்டை அது. காய்ந்தால் தந்தம் மாதிரி இறுகிவிடும். மிலனுக்குப் பக்கத்தில் பெர்கமோ வட்டாரத்தில் பொத்தான் செய்தே பிழைக்கும் ஊர்கள் இருக்கின்றன. எட்டு பொத்தான் வாங்கினேன், ஒவ்வொன்றும் ஒன்றரை யூரோ. பழுப்புக் காகிதத்தில் மடித்து, நூலால் கட்டிக் கொடுத்தார். ஊருக்கு வந்து என் வீட்டுக்காரரின் கதர்ச் சட்டையில் தைத்தேன். சட்டை கிழிந்தது, பொத்தானைப் பிரித்து அடுத்த சட்டைக்கு மாற்றினேன். இப்போது மூன்றாவது சட்டையில் இருக்கிறது.

சந்தை பிடித்தவர் என்றால் செவ்வாய் காலையிலோ சனிக்கிழமையோ பாப்பினியானோ சாலைக்குப் போங்கள். துணி, செருப்பு, காய்கறி எல்லாம் ஒரே வரிசையில். கை விட்டுக் கிளறலாம், அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வாங்கிய பொருளுக்கு வரியைத் திருப்பித் தருவார்களாமே?
*(வாசகர், சென்னை)*

தருவார்கள். இத்தாலியில் வாட் 22 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்கலாம். 2024-க்கு முன்னால் இந்த வரம்பு 155 யூரோ வாக்கில் இருந்தது. இடையில் கமிஷன் போவதால் முழுத்தொகை கைக்கு வராது.

என் கதையைக் கேளுங்கள். இரண்டாம் தடவை போனபோது ஒரு தோல் பை வாங்கி, படிவமும் வாங்கி, இரண்டையும் பத்திரமாகப் பெட்டியில் வைத்து, பெட்டியை லக்கேஜில் போட்டுவிட்டுச் சுங்க கவுன்டருக்குப் போனேன். படிவம் எங்கே என்றார். பெட்டியில். பை? அதுவும் பெட்டியில். பெட்டி? நான் பெல்ட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. முப்பது யூரோ போனது. ஆக முதலில் சுங்கம், அப்புறம்தான் லக்கேஜ். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில் இதை முடிக்க வேண்டும். துபாய், தோஹா வழியாகத் திரும்புகிறவர்களுக்கு அது மிலனேதான்.

சுத்த சைவம். பட்டினியா?
*(வாசகி, திருநெல்வேலி)*

பட்டினி கிடக்க வேண்டாம். தக்காளியும் சீஸும் வைத்துப் பொரித்த பன்செரோத்தி கிடைக்கும், சோமாசியின் பெரியப்பா மாதிரி இருக்கும். குங்குமப்பூ போட்ட மஞ்சள் ரிசோத்தோவைப் பார்த்து எலுமிச்சைச் சாதம் என்று ஏமாறாதீர்கள். மிலன் முறையில் அதை எலும்பு மஜ்ஜையும் மாமிச சூப்பும் விட்டுத்தான் கிண்டுவார்கள்.

அங்கே போய் வாங்குவதே நம்மூரில் தைத்ததாக இருந்தால்?
*(வாசகர், திருப்பூர்)*

இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த இழை, எத்தனை சதவீதம் என்று லேபிளில் போடுவது கட்டாயம். எந்த நாட்டில் தைத்தது என்று போடுவது கட்டாயமில்லை. போட்டிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தையலைப் பார்த்து யூகிக்க வேண்டியதுதான்.

கோர்சோ புவேனோஸ் அயிரெஸ் என்று ஒரு நீளமான கடைத்தெரு, சாதாரண ஜனங்கள் வாங்கும் இடம். அங்கே ஒரு கடையில் குழந்தைகள் டி-சர்ட் அடுக்கியிருந்தது. கை தானாக ஒன்றை எடுத்துத் திருப்பியது. தோள்பட்டை டேப், கழுத்து ரிப், பக்கவாட்டில் ஓவர்லாக் தையல், அடியில் ஃப்ளாட்லாக் தையல். லேபிளில் இந்தியா. எங்கள் கம்பெனி சரக்கா, பக்கத்துச் சந்துக் கம்பெனியுடையதா, தெரியவில்லை. அடி மடிப்பில் ஒரு அங்குலத்துக்கு நூல் பிசிறு தொங்கிக்கொண்டிருந்தது. செக்கிங்கில் விட்டுவிட்டார்கள். கைப்பையில் எப்போதும் கிடக்கும், நூல் வெட்டும் குட்டி டிரிம்மரை எடுத்து, யாரும் பார்க்காத நேரம் நறுக்கிவிட்டு, மடித்து அடுக்கிலேயே வைத்துவிட்டு வந்தேன்.