கிளைமாக்ஸுக்கு முன்னால் பூட்டிக்கொண்ட படம்

கேள்வி: அண்ணே, போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தமிழ்ப் படத்தை இணையத்தில் 15 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு எடுத்தேன். எங்கள் தாமானுக்குப் பின்னால் முழுக்க செம்பனைதான், லைன் எப்போதும் தடுமாறும். அன்றும் வட்டம் சுற்றிச் சுற்றி இடைவேளை வருவதற்குள் அம்மா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். சனிக்கிழமை எனக்கு இரவு வேலை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு மீதியைப் போட்டால் மறுபடி காசு கட்டச் சொல்கிறது. 30 நாள் என்று போட்டிருந்தார்களே, இது ஏமாற்றுதானே? பணம் திரும்பக் கிடைக்குமா? இன்னொன்று, பேசுவது காதில் விழவில்லை, சண்டை வந்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. டிவி கெட்டுப்போச்சா?

வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஏமாற்று இல்லை தங்கச்சி, பொடி எழுத்து. 30 நாள் என்பது படத்தைத் தொடங்குவதற்கான கெடு. ப்ளே அழுத்திவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து 48 மணி நேரம்தான். கூகுள், ஆப்பிள் இரண்டிலும் பொதுவாக இதே கணக்கு. நீங்கள் ஒரு மணி நேரம் பிந்திவிட்டீர்கள். அந்தக் காலத்து விசிடி கடைக்காரரிடம் "மூணாவது தட்டு இன்னும் பார்க்கல அண்ணே" என்றால் தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு நாள் விடுவார், இந்தக் கடையில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

பணம் திரும்ப வருவது கஷ்டம். கூகுளில் எடுத்த படத்தைத் தொடவே இல்லை என்றால் 7 நாளுக்குள் கேட்கலாம், பாதி பார்த்த பிறகு லைனைக் காரணம் காட்ட முடியாது. படத்திலேயே கோளாறு, ஒலி வரவில்லை என்றால் அது வேறு விஷயம்: திரையைப் படம் பிடித்து உடனே புகார் எழுதுங்கள். மசியவில்லை என்றால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் 15 ரிங்கிட்டுக்காக ஈப்போ போய் வந்தால் எண்ணெய்க் காசும் அலைச்சலும் இருக்கிறது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை எச்டி எடுக்காதீர்கள். எச்டி ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும், சாதாரணத் தரம் 1 ஜிபிக்குள் அடங்கும், பல இடங்களில் வாடகையும் குறைவு. டேப்லெட் இருந்தால் லைன் நன்றாக இருக்கும் விடியற்காலையில் இறக்கி வைத்துவிடுங்கள். இறக்குவதால் அந்த 48 மணி நேரம் ஓடத் தொடங்காது, ப்ளே அழுத்தினால்தான் ஓடும். அம்மா சாப்பிட்டு, மருந்து போட்டு, உட்கார்ந்த பிறகு அழுத்தினால் போதும்.

டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தின் ஒலியைத் தியேட்டருக்காக ஆறு தடமாகப் பிரித்துச் செய்கிறார்கள், பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டு குட்டி ஸ்பீக்கர், எல்லாம் அதற்குள் நெருக்கியடிக்கும்போது பேச்சு அமுங்கிவிடுகிறது. செட்டிங்கில் ஒலியை ஸ்டீரியோவுக்கு, அதாவது இரண்டு ஸ்பீக்கர் ஒலிக்கு மாற்றுங்கள், பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னச் சத்தத்தை ஏற்றும் நைட் மோட் இருந்தால் அதையும் போடுங்கள். இதனால்தான் அடிதடிப் படத்தை நான் வாடகைக்கு எடுப்பதே இல்லை. ரிமோட்டைக் கையில் பிடித்து ஏற்றி இறக்கியே கை வலிக்கும். வீட்டுக்கு நாலு சுவருக்குள் பேசித் தீர்க்கிற குடும்பக் கதை, கோர்ட்டு கதைதான் லாயக்கு.

நீங்கள் பெயர் எழுதியிருந்த அந்தப் படத்தை நானும் பார்த்தேன். இரண்டாம் பாதிக்காக இன்னொரு 15 ரிங்கிட் கட்டாதீர்கள், அம்மா சரியான இடத்தில்தான் தூங்கியிருக்கிறார்.