கடவுள் எப்படிப்பட்டவர் என்று யோசித்தே தெரிந்துகொள்ள முடியுமா, இல்லை நம்பித்தான் ஆகவேண்டுமா?

ஒருவர் இருக்கிறார் என்பது வரைக்கும் யோசித்தே போய்விடலாம். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு யோசனை போதாது. சைவ சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டதில் எனக்கு எட்டியது இவ்வளவுதான், அதனால் சைவத்தை வைத்தே சொல்கிறேன்.

சித்தாந்தம் எதையும் அறிய மூன்று வழி சொல்கிறது: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது, யோசித்து முடிவுக்கு வருவது, பெரியோர் சொன்னதை ஏற்பது. சித்தாந்தத்தின் அடிப்படை நூலான, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 வரி. முதல் சூத்திரத்தில் ‘நம்பு’ என்கிற பேச்சே கிடையாது. அவன், அவள், அது என்று நாம் சுட்டுகிற எல்லாம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. அப்படியானால் தோற்றுவிக்க ஒருவன் வேண்டும். எல்லாம் ஒடுங்கிய பிறகு எஞ்சி நிற்பவன் எவனோ, அவனிடமிருந்துதானே மறுபடி தொடங்க முடியும்? ஆகவே ஒடுக்குகிறவனே முதல்வன். சுத்தமான தர்க்கம்.

பானைக்குக் குயவன் மட்டும் போதாது, மண்ணும் சக்கரமும் வேண்டும் என்பார்கள். இறைவன் குயவன், மண் மாயை (பொய்த்தோற்றம் அல்ல, உலகம் உருவாகிற மூலப்பொருள்), சக்கரம் அவனுடைய சக்தி. கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்தார் என்கிற கிறிஸ்தவக் கொள்கையைச் சித்தாந்தி ஏற்கமாட்டார்; இல்லாதது தோன்றாது என்பார். ஒரே உலகத்தைப் பார்த்துத்தான் இருவரும் பேசுகிறார்கள், பாருங்கள்.

படைப்பைப் பார்த்தாலே படைத்தவன் குணம் விளங்கிவிடும் என்பதில், நாகப்பட்டினத்துக்காரன் என்பதால், எனக்குக் கூடுதல் சந்தேகம். விடியற்காலையில் கரையில் நின்றால் யாருக்கும் கைகூப்பத் தோன்றும். 2004 டிசம்பர் 26 காலையில் ஊருக்குள் வந்ததும் அதே கடல்தான். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி வந்திருந்தவர்கள் எத்தனையோ பேர் போனார்கள். இதற்குச் சித்தாந்தம் வினை என்று ஒரு பதில் வைத்திருக்கிறது. நூலில் படிக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆறாம் சூத்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் அறிவு சுட்டி அறிகிற பொருளெல்லாம் அழியக்கூடியது. இறைவனும் அப்படி அறியப்பட்டால் அவனும் அழிபொருளாகிவிடுவான். சரி, அறியவே முடியாது என்று வைத்துக்கொண்டால் முயற்கொம்பு மாதிரி இல்லாத பொருளாகிவிடுவான். இரண்டும் இல்லை என்கிறார் மெய்கண்டார். அப்புறம் எப்படித்தான் அறிவது? பதினோராம் சூத்திரத்தில் பதில் வருகிறது. கண் திறந்திருந்தாலும் மனசு வேறெங்கோ இருந்தால் எதிரே போகிறவர் தெரிவதில்லை. கண் காண உயிர் உடன் நின்று காட்டவேண்டும். அதேபோல உயிர் அறிய இறைவன் உடன் நின்று காட்டவேண்டும். அதை உணர்ந்து, ‘அயரா அன்பின்’ அவன் கழலை அடையும் என்று சூத்திரம் முடிகிறது. தர்க்கத்தில் புறப்பட்ட நூல் வந்து சேர்கிற இடம் அன்பு. எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகு அன்பு செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு இதில் இடமில்லை என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் அம்மா ஒருநாள் கேட்டார்: “இதெல்லாம் தெரியாமத்தானே சார் இத்தனை வருஷம் கும்பிட்டேன், சாமி கோவிச்சுக்கவா செஞ்சார்?” ஆசிரியரே சிரித்துவிட்டார். ஆனால் அந்த அம்மா வகுப்பை நிறுத்தவும் இல்லை. நோட்டு நிறையக் குறிப்பு, கேள்வி எல்லாரையும்விட அவர்தான் அதிகம் கேட்பார்.

படிக்க ஆசையிருந்தால் சிவஞானபோதத்தில் கை வைக்காதீர்கள், உரை சொல்ல ஆளில்லாமல் ஒரு வரி நகராது. உமாபதி சிவாச்சாரியாரின் திருவருட்பயன் 100 குறள்தான். அதில் முதல் பத்து, நீங்கள் கேட்ட கடவுளின் இயல்பு பற்றியே. எளிய உரையோடு உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.